மன்னைப் பகுதி ஓட்டல்கள்: ஒரு மாணவன் பார்வை

(பி.எஸ்ஸி., வேதியியல், இரண்டாம் ஆண்டு)

பாண்டிய நாட்டுக்கு முத்தையும் சேர நாட்டுக்கு யானையையும் சிறப்பாகச் சொன்ன நம் முன்னோர், சோழ நாட்டுக்குச் சோற்றைச் சொன்னார்கள். அப்படிப்பட்ட நாட்டில் சோற்றை விலைக்கு விற்கும் கடை தோன்றியது அண்மைக் காலத்தில்தான். அதற்கு முன்பு வழிப்போக்கர்களுக்குச் சத்திரங்கள் இருந்தன. 1676 முதல் 1855 வரை தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர்கள் ஒரத்தநாட்டிலும் நீடாமங்கலத்திலும் சத்திரங்கள் அமைத்தார்கள். பின்னர் ரயில் வந்தது, கச்சேரிகள் வந்தன, பள்ளிக்கூடங்கள் வந்தன. வெளியூருக்கு வந்து வேலை முடித்துத் திரும்புவோர் பெருகினர். அவர்களுக்காகக் காபி கிளப்புகளும் சாப்பாட்டுக் கடைகளும் தோன்றின.

இன்று மன்னார்குடியில் எந்தத் தெருவில் நின்றாலும் ஓர் ஓட்டல் கண்ணில் படும். கல்லூரிக்கு வெளியூரிலிருந்து வரும் நம்மில் பலருக்கு மதியச் சாப்பாடே அங்குதான். "எந்த ஓட்டல் நல்ல ஓட்டல்?" என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பெயர் சொல்கிறோம். ஆனால் எதைக் கொண்டு அளந்து அப்படிச் சொல்கிறோம் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. சோறு, காப்பி, பாத்திரம், பந்தி என்னும் நான்கு அளவுகோல்களை வைத்து நம் வட்டார ஓட்டல்களைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சோறு

ஓட்டல் சாப்பாட்டில் முதலில் பார்க்க வேண்டியது சாம்பாரையன்று, சாதத்தைத்தான். சாதம் குழைந்திருந்தால் எந்தக் குழம்பும் அதைக் காப்பாற்றாது. நம் பகுதியில் வீட்டுக்குப் புழுங்கலரிசி, கோயில் பிரசாதத்துக்கும் பலகாரத்துக்கும் பச்சரிசி என்பது பழக்கம். நெல்லை ஊறவைத்து அவித்துக் காயவைக்கும்போது உமிக்கும் தவிட்டுக்கும் அடியிலுள்ள சத்துகளில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்குகிறது. அரிசி இறுகுவதால் ஆலையில் நொய் குறைகிறது. வடிக்கும்போது சாதமும் ஒட்டாமல் வருகிறது.

அடுத்தது அரிசியின் வயது. அறுத்த கையோடு அரைத்த புது அரிசி குழையும். ஆறு மாதம், ஓராண்டு இருப்பு வைத்த பழைய அரிசி நீரை அதிகம் இழுத்து உப்பும்; பருக்கை பருக்கையாக நிற்கும். "பழைய அரிசி நன்றாகக் காணும்" என்று ஓட்டல்காரர்கள் சொல்வதன் பொருள் இதுதான். ஒரு படி அரிசியில் கூடுதல் இலைகளுக்குப் பரிமாறலாம்.

நம் வயல்களில் விளைவதெல்லாம் நம் ஓட்டல் இலைக்கு வருவதில்லை என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். நம் பகுதியில் சம்பா பருவத்துக்குப் பெயர்பெற்ற சி.ஆர். 1009 பருமனான அரிசி. அதில் பெரும்பகுதி கொள்முதல் நிலையம் வழியாகப் பொதுவிநியோகத்துக்குப் போகிறது. ஓட்டல்காரர் தேடுவது சன்ன ரகம். 1986இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட வெள்ளைப் பொன்னி போன்ற ரகங்களுக்குத்தான் கடைகளில் மதிப்பு. நட்டவர் வீட்டில் ஓர் அரிசி, நகரத்து இலையில் வேறோர் அரிசி என்ற நிலை இப்படித்தான் உண்டாயிற்று.

சாப்பாட்டிலும் இரு வகை உண்டு. வயிறு நிறையும்வரை சாதம் போடுவது முழுச் சாப்பாடு. ஒரு கட்டுக்குள் போடுவது அளவுச் சாப்பாடு. வயல்வேலை செய்து பழகிய வயிற்றுக்கு அளவுச் சாப்பாடு போதாது. இரண்டாம் முறை சாதம் கேட்கும்போது சர்வரின் முகம் சுளிக்காமல் இருக்கிறதா என்பதே நான் பார்க்கும் முதல் சோதனை. மன்னார்குடியில் இச்சோதனையில் தேறும் சிறு மெஸ்கள் பல உள்ளன. பெயர்ப்பலகை மங்கியிருக்கும், ஆனால் ரசம் கொதிக்கக் கொதிக்க வரும்.

காப்பியும் பலகாரமும்

காப்பிக்குக் கும்பகோணம் என்பது ஊரறிந்த செய்தி. "டிகிரி காப்பி" என்ற பெயருக்கு இரண்டு விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. பாலின் தரத்தை லாக்டோமீட்டரில் "டிகிரி" பார்த்து வாங்கியதால் வந்தது என்பது ஒன்று. சிக்கரி என்ற சொல்லே மருவிற்று என்பது மற்றொன்று. முதல் விளக்கத்தில் நம் வேதியியலுக்கும் வேலை இருக்கிறது. லாக்டோமீட்டர் பாலின் அடர்த்தியை அளக்கும் கருவி. தண்ணீர் கலந்தால் அடர்த்தி குறையும். கருவி உடனே காட்டிக் கொடுக்கும். ஆனால் வெண்ணெயை எடுத்துவிட்டால் அடர்த்தி கூடும். எனவே ஆடையை எடுத்துவிட்டு அளவாகத் தண்ணீரும் சேர்த்தால் கருவியையும் ஏமாற்றலாம். நாக்கை மட்டும் ஏமாற்ற முடியாது. கொழுப்பு குறைந்த பாலில் போட்ட காப்பி தொண்டையில் நிற்காது.

கும்பகோணத்தில் கும்பேசுவரர் கோயிலருகே உள்ள மங்களாம்பிகாவும், மயிலாடுதுறையில் காளியாகுடி ஓட்டலும் பெரியவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பேசிவரும் பெயர்கள். திருவையாறு என்றால் பாசிப்பருப்பும் நெய்யும் சேர்த்துக் கிண்டும் அசோகா. நீடாமங்கலம் என்றால் பாலைச் சுண்டக் காய்ச்சிச் செய்யும் பால்திரட்டு. நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் பேருந்துக்குள் காத்திருந்து பழகியவர்களுக்கு அந்த ஊரின் டீயும் நன்கு தெரிந்ததே.

நம் பகுதிக்கே உரிய மற்றொன்று கடப்பா. பாசிப்பருப்பையும் உருளைக்கிழங்கையும் வேகவைத்து, தேங்காய், கசகசா, சோம்பு அரைத்து விட்டுச் செய்யும் இதனை இட்லிக்குத் தொட்டுக்கொள்வார்கள். கும்பகோணம், தஞ்சாவூர், மன்னார்குடி தாண்டினால் பெயர் கேட்டாலே விழிப்பார்கள்.

இட்லியைப் பொறுத்தவரை என் ஓட்டு பெரிய ஓட்டல்களுக்கு இல்லை. விடியற்காலையில் தெருமுனையில் அடுப்பு மூட்டும் அம்மாக்களுக்கே. மாவில் வளரும் நுண்ணுயிர்கள் கரியமில வாயுவை வெளியிடுவதால்தான் மாவு பொங்குகிறது. மார்கழிக் குளிரில் இது மந்தமாகும். அன்றைய குளிருக்கேற்ப மாவை முன்கூட்டியே கரைத்து வைக்கும் கணக்கு, எந்தச் சோதனைச் சாலையிலும் படிக்காமல் அவர்களுக்குக் கைவந்திருக்கிறது.

புலால் உணவுக்கு மிலிட்டரி ஓட்டல்களும் பரோட்டாக் கடைகளும் உண்டு. தெற்கே முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் கடலோரம் என்பதால் மீனும் இறாலும் நண்டும் நம் ஊருக்கு அன்றன்றே வந்து சேர்கின்றன. கூத்தாநல்லூர்ப் பக்கம் மலேயா, சிங்கப்பூருக்குப் பொருள் தேடிச் சென்று வந்த குடும்பங்கள் பல; அங்குள்ள இசுலாமியர் வீட்டுப் பிரியாணியின் மணம் கடைகளுக்கும் பரவியிருக்கிறது.

பாத்திரம்

பழைய ஓட்டல்களில் பித்தளை அண்டா, பித்தளை டபரா, டம்ளர்தான் புழங்கின. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. புளியில் உள்ள அமிலம் செம்போடு வினைபுரிந்து களிம்பை உண்டாக்கும். அது நஞ்சு. அதைத் தடுக்கவே உட்புறத்தில் ஈயம் பூசினார்கள். நாம் ஈயம் என்று சொன்னாலும் பூச வேண்டியது வெள்ளீயமே. காரீயம் தீங்கு செய்யும். எவர்சில்வர் வந்தபின் ஈயம் பூசும் தொழிலே அருகிவிட்டது. இன்றைக்குப் பார்க்க வேண்டியது வேறு: கொதிக்கும் சாம்பாரைப் பிளாஸ்டிக் பையில் கட்டித் தருகிறார்களா, வாழையிலை போடுகிறார்களா, டம்ளரை ஓடும் நீரில் கழுவுகிறார்களா, ஒரே வாளித் தண்ணீரில் முக்கி எடுக்கிறார்களா என்பவையே.

பாத்திரத்தைப் பற்றிப் பேசும்போது அதைவிடப் பெரிய ஒன்றையும் பேசியாக வேண்டும். அந்தப் பாத்திரம் யாருக்குக் கிடைத்தது என்பதே அது.

பந்தி

ஓட்டல் தொடங்கிய காலத்தில் அது எல்லாருக்கும் பொதுவாக இருக்கவில்லை. தென்னிந்திய ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளிலேயே பிராமணர்களுக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம் என்று இருந்தது. பெரியாரும் அவர் இயக்கத்தாரும் தொடர்ந்து கிளர்ந்ததன் பயனாக 1941இல் இது நீங்கிற்று. 1957இல் சென்னையில் ஓர் ஓட்டல் பலகையில் இருந்த "பிராமணாள்" என்ற சொல்லை எடுக்கக் கோரியும் மறியல் நடந்தது.

நம் ஊருக்கு அருகே நடந்தது இதனினும் கொடியது. 1937 டிசம்பரில் நீடாமங்கலத்தில் காங்கிரஸ் மாநாடு ஒன்று நடந்தது. அங்கே பொதுப்பந்தியில் அமர்ந்து உண்டதற்காக ஆதிதிராவிட இளைஞர்கள் அடிக்கப்பட்டார்கள், மொட்டையடிக்கப்பட்டார்கள், சாணிப்பால் புகட்டப்பட்டார்கள். ஒரு வேளைச் சோற்றுக்கு முன் மற்றவரோடு உட்கார்ந்ததுதான் அவர்கள் செய்த குற்றம். அந்த நெல்லை விளைவித்தவர்கள் அவர்களைப் போன்றோரே. ஏழாண்டுகளுக்குப் பின், 1944இல், பி. சீனிவாசராவ் முதலியோர் திரட்டிய விவசாயிகள் இயக்கத்தின் விளைவாக நம் மன்னார்குடியிலேயே ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. சவுக்கடியும் சாணிப்பாலும் கூடாது என்று அதில் எழுத்து மூலம் ஒப்புக்கொள்ளப்பட்டது.

1950 சனவரி 26இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு, கடைகளிலும் ஓட்டல்களிலும் நுழைவதற்குச் சாதி, மதம் முதலியவற்றின் பேரால் எவருக்கும் தடை கூடாது என்கிறது. 1955இல் வந்த தீண்டாமைக் குற்றங்கள் சட்டம், ஓட்டலில் உள்ள பாத்திரங்களைப் புழங்கவிடாமல் தடுப்பதையும் குற்றமாக்கிற்று. 1976இல் அது குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாற்றம் பெற்றது. டீக்கடைகளில் இரட்டைக் குவளை வைப்பது சட்டப்படி தண்டனைக்குரியது என்பதை நாம் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

என் தந்தையார் விவசாயக் கூலி. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். என் பாட்டனார் இளமையில் டீக்கடைக்கு வெளியே நின்று கொட்டாங்குச்சியில் டீ வாங்கிக் குடித்தவர். இதை அவர் கோபமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. மழை பெய்தது, வெயில் அடித்தது என்பதைப் போலத்தான் சொல்வார். என் தந்தையார் காலத்தில் உள்ளே உட்காரும் உரிமை வந்துவிட்டது. ஆயினும் இன்றும் அவரோடு ஓட்டலுக்குப் போனால் வாசலையொட்டிய மேசையில்தான் அமர்வார். மின்விசிறிக்குக் கீழே இடம் இருந்தாலும் போகமாட்டார். யாரும் அவரைத் தடுப்பதில்லை. பழைய தடை உடம்பிலேயே ஊறிப் போயிருக்கிறது. ஒருமுறை சர்வர் ஒருவர், "ஐயா, உள்ளே காத்தோட்டமா வந்து உக்காருங்க" என்று அழைத்து இலையைப் போட்டார். அன்றைய குழம்பில் உப்புச் சற்றுத் தூக்கல்தான். இருந்தாலும் என் கணக்கில் அந்த ஓட்டலுக்கு முதல் வகுப்பு.

நாம் செய்ய வேண்டியது

ஓட்டல் தொழில் எளிதன்று என்பதையும் சொல்ல வேண்டும். நம் பகுதியில் ஓட்டல் கல்லாவைப் பார்த்தே மேட்டூரில் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடலாம். சூன் 12இல் அணை திறந்து, குறுவையும் சம்பாவும் ஒழுங்காக நடந்து, நெல்லுக்குப் பணம் கைக்கு வந்தால் பரோட்டாக் கல் இரவு பதினொரு மணிவரை காயும். தண்ணீர் பொய்த்த ஆண்டில் டீயும் கடனுக்குத்தான். அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து, நெருப்பின் முன் நின்று, நள்ளிரவில் அண்டா கழுவிப் படுக்கும் தொழிலாளிகளின் உழைப்பும் நம் இலையில் இருக்கிறது.

எனவே நண்பர்களே, ஓர் ஓட்டலைப் பற்றிப் பேசும்போது சுவையை மட்டும் பேசி நிறுத்திவிடாதீர்கள். சாதம் பருக்கையாக இருந்ததா, பால் கெட்டியாக இருந்ததா, டம்ளர் சுத்தமாக இருந்ததா என்று பாருங்கள். அத்தோடு, அழுக்கு வேட்டியோடு வந்தவருக்கும் சலவைச் சட்டையோடு வந்தவருக்கும் அங்கே ஒரே இலை, ஒரே டம்ளர், ஒரே மரியாதை கிடைத்ததா என்றும் பாருங்கள். எங்காவது இரண்டு வகை டம்ளரைக் கண்டால் பேசாமல் எழுந்து வந்துவிடாமல், ஏன் என்று கேளுங்கள். நாலு மாணவர்கள் சேர்ந்து கேட்டால் கடைக்காரர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நாக்கு ருசியைச் சொல்லட்டும். நல்ல ஓட்டல் எது என்பதைப் பந்தியைப் பார்த்து நாம் சொல்வோம்.