குதிரையின் வயதும் ஜாக்கி கிளப்பும்

குதிரைப் பந்தயம் என்றவுடன், பணம் கட்டிக் கெட்டவர்களின் கதைதான் நம்மவர் பலருக்கு நினைவில் எழும். அக்கேட்டை நான் மறுக்க வரவில்லை. எனினும், பணம் கட்டும் ஏழையை ஏமாற்றாமல் பந்தயம் நடக்கவேண்டுமாயின், அதனைக் கண்காணிக்கும் தலைமை அமைப்பு ஒன்று வேண்டும். இதற்கு இங்கிலாந்தின் வரலாறு நல்ல சான்றாகும்.

அங்கே 1750ஆம் ஆண்டளவில் பிரபுக்கள் சிலர் ஜாக்கி கிளப் என்னும் கழகத்தை அமைத்தனர். அரசு அதற்கு அதிகாரம் வழங்கவில்லை. விதியை மீறியவரைத் தம் நியூமார்க்கெட் திடலில் கால் வைக்க விடாமல் விலக்குவதே அதன் வலிமை. 1791இல் வேல்ஸ் இளவரசரின் குதிரை ஒருநாள் தோற்று மறுநாள் வென்றது. ஐயுற்ற கழகத்தார், அதனை ஓட்டிய சிஃப்னியை இனியும் வைத்துக்கொண்டால் இளவரசரோடு எவரும் போட்டியிடார் என்றனர். இளவரசர் நியூமார்க்கெட்டையே விட்டகன்றார்!

1844இல் நிகழ்ந்ததோ இதனினும் விந்தை. எப்சம் நகரின் டெர்பி பந்தயம் மூன்று வயதுக் குதிரைகளுக்கே உரியது. அவ்வாண்டு முதலில் வந்த 'ரன்னிங் ரெய்ன்', உண்மையில் 'மக்காபியஸ்' என்னும் நான்கு வயதுக் குதிரை! அவ்விளம் பருவத்தில் ஓராண்டு வேறுபாடு பெரிது. பள்ளியிற் சேர்க்கப் பிள்ளையின் வயதைக் கூட்டிச் சொல்லும் பெற்றோரை நான் அறிவேன். அங்கே குறைத்துச் சொன்னார்கள், அவ்வளவே. சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கும் நம் உழவரைப் போல், குதிரையின் பல்லைப் பார்த்தும் வயதை அறியலாம். ஆனால், பந்தயத்திற்கு முன்பே முறையீடு வந்தும், நடுவர்கள் அதனை ஓட விட்டுவிட்டனர். வழக்கு நீதிமன்றம் ஏறியது. குதிரையைக் கொண்டு வருக என்றார் நீதிபதி. குதிரையோ மறைக்கப்பட்டுவிட்டது! பரிசு, இரண்டாவதாக வந்த 'ஒர்லாண்டோ'வுக்குப் போயிற்று.

இன்று குதிரையின் கழுத்துத் தோலுக்கடியில் எண் பொறித்த நுண்சில்லு வைக்கிறார்கள். தாய் தந்தை இன்னவை என்பதை மரபணுச் சோதனையால் உறுதி செய்கிறார்கள். ஊக்கமருந்து உண்டா என்று குருதியும் சிறுநீரும் ஆராயப்படுகின்றன.

கண்காணிப்பவரைக் கண்காணிப்பவர் யார் என்னும் வினாவும் எழுந்தது. குதிரை பயிற்றும் பெண்களுக்கு ஜாக்கி கிளப் உரிமம் மறுத்து வந்தது. பெண் பயிற்றுநர் ஒருவரின் உரிமம் அவருடைய தலைமைக் குதிரைக்காரன் பெயரில் இருந்ததாம்! ஃபுளோரன்ஸ் நேகல் அம்மையார் வழக்காடி, 1966இல் அத்தடையை உடைத்தார். தம்மைத் தாமே தேர்ந்துகொள்ளும் கனவான்களிடமிருந்து ஒழுங்குமுறைப் பொறுப்பு 2006இல் தனி அமைப்பிடம் சென்றது. 2007 முதல் பிரிட்டிஷ் குதிரைப் பந்தய ஆணையம் அதனை நடத்தி வருகிறது.