துருவுக்குள் இருக்கும் கூர்மை

திருவாடானைக்குக் கிழக்கே தொண்டிக் கடல். உப்புக்காற்று வீசும் இப்பகுதியில், தாத்தா காலத்து மடக்குக்கத்தி அலமாரியில் கிடந்தே துருப்பிடித்துவிடும். தூக்கி எறிய வேண்டாம். பழைய கத்திகளில் பல கார்பன் எஃகு. எளிதில் துருவேறும், எளிதில் கூராகும். பிரான்சில் 1890இல் பிறந்த ஒபினெல் மடக்குக்கத்தி இன்றும் அந்த எஃகில் கிடைக்கிறது.

கீல் இறுகியிருந்தால் மண்ணெண்ணெயில் ஓரிரவு ஊறவிட்டு, மெல்ல அசைத்துத் திறந்து, சோப்பால் கழுவ வேண்டும். மேல் துருவுக்கு நைஸான உப்புத்தாள் போதும். ஆழமாக அரித்த கரும்புள்ளிகளைத் துரத்தினால் அலகுதான் தேயும்.

மின்சாணையில் மட்டும் வைக்காதீர்கள். சூட்டில் விளிம்பு நீலம் பாய்ந்தால் எஃகின் பதம் போயிற்று. திருப்பாச்சேத்தி அரிவாளைக் காய்ச்சித் தோய்ப்பதே அந்தப் பதத்துக்காகத்தான். நனைத்த சாணைக்கல்லில், பக்கத்துக்கு 20 பாகை சாய்வில் பொறுமையாகத் தீட்டுவதே சரி.

மாங்காயோ எலுமிச்சையோ நறுக்கியதும் உடனே கழுவி, ஈரம் போகத் துடைத்து, கீலில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.