உலாவுக்கு வார்த்த உருவம்

1836-ல் ஆங்கிலேயர்கள் அணைக்கரையில் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டினார்கள். கருங்கல் வேண்டியிருந்தது. பக்கத்திலேயே கங்கைகொண்ட சோழபுரம் இருந்தது. முதலாம் ராஜேந்திரன் எழுப்பிய கோயிலின் கோபுரத்தையும் மதிலையும் பிரித்துக் கல்லை அள்ளிக்கொண்டு போனார்கள். தடுக்கப் பார்த்த ஊர்க்காரர்களுக்குத் தண்டனைதான் கிடைத்தது. இடித்த மதிலுக்குப் பதிலாகச் செங்கல் சுவர் கட்டித்தருவதாகச் சொன்ன வாக்கும் காற்றோடு போயிற்று. 2004-ல் அதே கோயிலை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. தஞ்சை விமானம் நேர்கோட்டில் ஏறுகிறது, சோழபுரத்து விமானம் உள்வாங்கி வளைந்து ஏறுகிறது என்று இன்று உலகெங்கிலுமிருந்து வந்து பார்த்து வியக்கிறார்கள். ஒரு காலத்து வெளியார் கண்ணுக்கு வெறும் கல்லாகத் தெரிந்தது, இன்னொரு காலத்து வெளியார் கண்ணுக்குக் கலையாகத் தெரிகிறது.

கலையாகப் பார்க்கிறவர்களும் முழுசாகப் பார்க்கிறார்களா என்பதுதான் நம் கேள்வி. அதற்கு அரியலூரும் பெரம்பலூரும் சேர்ந்து விடை சொல்கின்றன. அங்கே போகுமுன் வெளியார் பார்வைக்கு இரண்டு உதாரணங்கள்.

சோழர் செப்புத் திருமேனிகளை ஐரோப்பாவுக்குப் புரியவைத்தவர்களில் முக்கியமானவர் பிரெஞ்சுச் சிற்பி ரொதேன். சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கும் திருவாலங்காட்டு நடராசரைப் பற்றி 1913-ல் எழுதினார். அவர் இறந்தபின், 1921-ல் அது அச்சில் வந்தது. சிலையை அவர் நேரில் பார்த்ததே இல்லை. புகைப்படங்களை வைத்துக்கொண்டு எழுதினார். இந்தியாவில் நுண்கலை என்று ஒன்று கிடையாது என்று 1910-ல் லண்டன் கூட்டமொன்றில் பேர்ட்வுட் என்ற ஆங்கிலேய அறிஞர் அடித்துச் சொல்லியிருந்த காலம் அது. அந்த நேரத்தில் ரொதேன் போன்ற ஒருவர் உதட்டையும் இடையையும் தூக்கிய திருவடியையும் அணுஅணுவாக ரசித்து எழுதியது நமக்குப் பெரிய துணை. அந்த நன்றியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் புகைப்படத்தில் இருந்தது உருவம் மட்டும். மாலை இல்லை, பட்டு இல்லை, தூக்கிச் செல்லும் தோள்கள் இல்லை.

ஜப்பானுக்கும் இதுதான் நேர்ந்தது. 1933-ல் ஜெர்மானியக் கட்டடக் கலைஞர் புருனோ டவுட் கியோட்டோவின் கட்சுரா மாளிகையைப் பார்த்துச் சொக்கிப்போனார். வண்ணம் பூசாத மரம், வெறுமை, அடக்கம். நிக்கோவில் உள்ள தோஷோகு ஆலயமோ அவருக்குப் பிடிக்கவே இல்லை. தங்கமும் வண்ணமும் செதுக்கு வேலையும் நெருக்கியடித்து நிற்கும் இடம் அது. இரண்டுமே பதினேழாம் நூற்றாண்டில், அதே ஜப்பானியர் கைகளில் உருவானவை. ஜப்பானிய வடிவமைப்பு என்றதும் இன்று உலகத்துக்கு வெறுமையும் எளிமையும் நினைவுக்கு வருகின்றன என்றால், அதில் டவுட் போன்றவர்களின் தேர்வுக்கும் பங்குண்டு. பாதி உண்மையை முழுப் பெயராக்கிவிட்டார்கள்.

இனி அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானுக்கு வருவோம். உடையார்பாளையம் பக்கத்துச் சிற்றூர். பூசை நின்று பூட்டிக் கிடந்த பிரகதீஸ்வரர் கோயிலிலிருந்து 2006 வாக்கில் திருமேனிகள் களவு போயின. 2008-ல், மிச்சம் உள்ளவற்றைப் பாதுகாப்பு மையத்துக்கு எடுத்துப்போக அதிகாரிகள் வந்து கதவைத் திறந்தபோதுதான் விஷயமே தெரிந்தது. அதே ஆண்டு கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூரிடமிருந்து 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு ஒரு நடராசரை வாங்கியது. 1970-லேயே டெல்லியில் விலைக்கு வாங்கப்பட்டதாகப் பொய்க் காகிதம் கூட வந்தது. ஸ்ரீபுரந்தான் விநாயகர் அமெரிக்காவின் டொலிடோ அருங்காட்சியகத்துக்கும், உமா பரமேஸ்வரி சிங்கப்பூருக்கும் போயிருந்தார்கள்.

கான்பெராவில் விளக்கொளியில் தனித்து நின்ற அந்த நடராசரைப் பார்த்தவர்கள் திருவாசியின் சுடர்களையும் பறக்கும் சடையையும் ரசித்திருப்பார்கள். அந்தக் கண்கள் பொதுவாகத் தவறவிடும் இடம் பீடம். உற்சவ மூர்த்தியின் பீடத்தை நெருங்கிப் பாருங்கள். பக்கங்களில் துளையோ வளையமோ இருக்கும். தண்டு கோக்கவும் கயிறு கட்டவும் செய்த ஏற்பாடு அது. கருவறையில் மூலவர் அசையாமல் இருக்க, வீதிக்கு வந்து முடியாதவருக்கும் முதியவருக்கும் வாசலிலேயே தரிசனம் தருவதற்காக வார்த்த உருவம் இது. இந்த ஒரு தேவையிலிருந்துதான் மற்ற எல்லாம் பிறக்கிறது.

தென்னங்கீற்றைக் கிழித்து மடித்துத் தாள அளவு, அதாவது உறுப்புகளின் விகிதக் கணக்கு, எடுக்கிறார்கள். மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் செய்து, காவிரி வண்டலை அப்பி, கம்பி கட்டிச் சூளையில் வைத்தால் மெழுகு உருகி ஓடும். அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறியதும் மண்ணை உடைத்தாக வேண்டும். அதனால் ஓர் அச்சுக்கு ஒரே சிலை. சுவாமிமலையில் இன்றும் இப்படித்தான். உள்ளே வெற்றிடம் விடாமல் கெட்டியாக வார்ப்பதால் எடை கூடும்.  வீதியில் கூட்டத்துக்குத் தெரிவது முகமும் கையும் பாதமும்தான். மற்றதெல்லாம் பட்டுக்கும் பூவுக்கும் உள்ளே. அப்படியிருந்தும் முதுகுப்புறத்து முப்புரிநூலையும் இடைக்கட்டின் முடிச்சையும் சிற்பி விடாமல் செதுக்கியிருக்கிறார். அபிஷேகத்தில் பாலும் தேனும் வழிந்தோடும்போது அந்த வடிவு தெரியும், அவ்வளவுதான். பழைய திருமேனிகளில் மூக்கும் கன்னமும் மழுங்கியிருப்பதும் அந்த அபிஷேகத்தால்தான். அருங்காட்சியகக் குறிப்பேடு அதைத் தேய்மானம் என்று எழுதும். எனக்கு அது நூற்றாண்டுகளாகத் தொட்டு வணங்கிய கைகளின் வேலை. சிற்பி தொடங்கியதை அர்ச்சகர்கள் முடித்தார்கள்.

நடராசரை மீட்டுத் தந்ததும் ஒருவகையில் வெளியார் கண்தான். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1956 முதல் ஊர் ஊராகப் போய்க் கோயில் திருமேனிகளைப் படமெடுத்துச் சேர்த்து வைத்திருந்தது. எந்த ஊர், எந்தக் கோயில் என்ற விவரமும் படத்தோடு இருந்தது. அதை ஒப்பிட்டுத்தான் கான்பெராவில் நிற்பது ஸ்ரீபுரந்தான் நடராசர் என்று உறுதி செய்தார்கள். 2014 செப்டம்பர் 5 அன்று ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபட் டெல்லியில் ஒப்படைத்தார். வேறொரு கோயிலின் சிலைத் திருட்டு வழக்கில் கபூருக்குக் கும்பகோணம் நீதிமன்றம் 2022 நவம்பரில் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. அழகை மட்டும் பார்த்த கண்ணுக்கும் ஊர்ப்பெயரையும் சேர்த்துக் குறித்துக்கொண்ட கண்ணுக்கும் உள்ள தூரம் இந்த நடராசர் ஒருவர் விஷயத்திலேயே தெரிந்துபோயிற்று.

திருமேனி உலோகம் என்றால் அது ஏறி வரும் வாகனம் மரம். அதற்குப் பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர். பச்சைமலை அடிவாரம். தேரும் வாகனமும் சாமி உருவங்களும் செதுக்கும் ஊர். இவ்வூர் மரச்சிற்பத்துக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாகை, மா, வேம்பு, தூங்குமூஞ்சி என்று மரத்துக்கு மரம் குணம் பார்த்து எடுக்கிறார்கள். சிற்பத்தை ஒட்டுப்போடாமல் ஒரே கட்டையில் எடுப்பது அரும்பாவூர்க் கைவேலையின் பெருமை. கட்டையில் கோடு போட்டு, உளியும் கொட்டாப்புளியுமாகச் சுற்றிலும் தள்ளத் தள்ள, உருவம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். உலோகத்துக்குச் சொன்ன அதே தாளக்கணக்குதான் மரத்துக்கும்.

வாங்க வருகிறவர் மாறினால் வேலையும் மாறுகிறது. கோயிலுக்குப் போகும் ரிஷபமும் குதிரையும் பளிச்சென்று வண்ணம் பூசி, விழித்த கண்ணோடு போகும். இரவு உலாவில் தீவட்டி வெளிச்சத்தில், தெருக்கோடியில் நிற்பவருக்கும் முகம் தெரிய வேண்டுமே. வரவேற்பறைக்குப் போகும் சிற்பத்துக்கு வண்ணமே கூடாது; மரத்தின் ரேகை தெரிய மெருகு போட்டால் போதும். கட்சுராவும் நிக்கோவும் ஒரே பட்டறையில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன. வரவேற்பறைக்கு வாங்குகிறவரை நான் குறை சொல்லவில்லை. அந்தப் பணத்தில்தான் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது. ஆனால் மெருகு போட்ட மரம்தான் உயர்ந்த ரசனை, வண்ணம் பூசிய வாகனம் நாட்டுப்புறம் என்று நம்மவர்களே பேசத் தொடங்கியிருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. அரும்பாவூருக்குப் போகிறவர்கள் விற்பனைக்கு அடுக்கியிருக்கும் விநாயகர்களோடு திரும்பிவிட வேண்டாம். பங்குனி, சித்திரைத் திருவிழாக்களுக்கு முன்னால் போனால், ஏதாவது ஒரு பட்டறையில் வாகனம் ஒன்றுக்குத் தண்டு பூட்டும் இடத்தை அளந்துகொண்டிருப்பார்கள். அந்த வேலையை நின்று பாருங்கள்.