நலன் முரணும் ஊழியர் சேமலாப நிதியும்

பாசிக்குடாக் கடற்கரை விடுதியொன்றிற் பணிபுரிவோனது ஊதியத்தில் நூற்றுக்கு 8 பங்கும், முதலாளி தன் பொறுப்பில் இடும் 12 பங்கும் மாதந்தோறும் ஊழியர் சேமலாப நிதியைச் சேர்கின்றன. அந்நிதியை முதலீடு செய்வது இலங்கை மத்திய வங்கி. 2015ஆம் ஆண்டில் பிணைமுறி விற்று அரசுக்குக் கடன் திரட்டியதும் அவ்வங்கியே. கடன் கொள்வோர் குறைந்த வட்டியை நாடுவர். சேமிப்போர் மிகுந்த வட்டியை நாடுவர். இரு திறத்தார்க்கும் ஒருவரே காரியம் பார்க்குமிடத்து அவர் எப்பக்கம் நிற்பது?

அமைப்பிலேயே கிடந்த இம்முரணோடு உறவின் முரணும் வந்து கூடிற்று. 2015 பெப்ரவரி 27இல் 100 கோடி ரூபாவுக்கென அறிவித்த ஏலத்தில் 1,000 கோடிக்கு மேல் ஏற்கப்பட்டது. தன் பெயராலும் இலங்கை வங்கி வழியாகவும் அதிற் பாதியளவைப் பெற்ற பெர்ப்பெச்சுவல் ட்ரெஷரீஸ், ஆளுநர் அர்ஜுன மகேந்திரனின் மருமகன் குடும்பத்தாரது நிறுவனம். மருமகன் அதன் இயக்குநர் பதவியை முன்னரே துறந்திருந்தார். பதவி துறத்தல் எளிது. உறவும் உடைமையும் அவ்வாறு கழல்வனவோ?

பிணைமுறி வாணிபத்தாற் சேமலாப நிதிக்கும் இழப்பு நேர்ந்ததெனச் சனாதிபதி ஆணைக்குழு 2017 டிசெம்பரில் அளித்த அறிக்கை கூறிற்று. 55 வயதில் தன் சேமிப்பைப் பெறவரும் விடுதி ஊழியனோ அவ்வேலத்தைக் கேள்விப்பட்டும் இரான்.