வீட்டுக் கம்ப்யூட்டர் – 14: ஆன்டிவைரஸ் திறக்க மறுத்தால்...

“ஃபார்மட் அடிச்சு புதுசா ஓ.எஸ். போட்டுடலாம் சார், அரை நாள்ல ரெடி.”

ஆன்டிவைரஸ் திறக்கவில்லை என்று கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போனால், காட்டுப்பாக்கம், ஐயப்பன்தாங்கல், பூந்தமல்லி என்று எங்கள் பக்கத்துக் கடைகளில் பெரும்பாலும் கிடைக்கிற பதில் இதுதான். கடைக்காரருக்குக் காரணம் தேடுகிற வேலை மிச்சம். ஆனால் அந்த வீட்டுக் கல்யாணப் படங்கள், பிள்ளையின் ப்ராஜெக்ட், வருடக்கணக்கில் எழுதி வைத்த கணக்கு எல்லாம் அந்த அரை நாளில் காணாமல் போய்விடலாம். இதைப் பலமுறை பார்த்துவிட்ட ஆதங்கத்தில்தான் இந்த வாரம் முழுக்க இந்த ஒரு விஷயத்துக்கே ஒதுக்கியிருக்கிறேன். ஃபார்மட் செய்யக் கூடாது என்பதில்லை. ஆனால் அது எல்லாம் பார்த்து முடித்த பிறகு செய்யும் வேலை.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். குடியிருப்புச் சங்கத்தின் வரவு செலவு முழுக்க அவருடைய கம்ப்யூட்டரில்தான். “ஐகானைத் தட்டினா வட்டம் ஒரு சுத்து சுத்துது, அப்புறம் ஒண்ணும் வரமாட்டேங்குது தம்பி. நேத்து லைசென்ஸ் செல்லாதுன்னு ஒரு பெட்டி வேற வந்துச்சு. இப்பதானே காசு கட்டினேன்?” என்றார். திரையின் வலது கீழ் மூலையைப் பார்த்தேன். தேதி 2012 ஜனவரி 1.

மதர்போர்டில் பத்து ரூபாய் நாணயத்தை விடச் சிறிதாக ஒரு பேட்டரி இருக்கும். சி.ஆர். 2032, மூன்று வோல்ட். கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போது தேதியையும் நேரத்தையும் காப்பாற்றுவது அதுதான். பிளக் பாயின்ட்டில் மின்சாரம் இருக்கும் வரை அந்த பேட்டரிக்கு அதிக வேலையில்லை. நாமோ படுக்கப் போகும்போது சுவர் சுவிட்சையும் அணைத்துவிடுகிறவர்கள். இரவெல்லாம் கடிகாரத்தை ஓட்டும் பாரம் பேட்டரியின் மேல் விழுகிறது, சில வருடங்களில் தீர்ந்துபோகிறது. கம்ப்யூட்டர் எப்போதோ ஒரு பழைய தேதிக்குப் போய் நிற்கிறது. பல வருடங்கள் கழித்து வாங்கிய லைசென்ஸ், 2012-ல் நிற்கிற கம்ப்யூட்டருக்கு இன்னும் பிறக்காத ஒன்று. அப்டேட் இறக்கும் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழும் அப்படியே. இன்னும் தொடங்கவில்லை என்று சொல்லி இணைப்பைத் துண்டித்துவிடும். வாட்ச் கடையில் பேட்டரி வாங்கிப் போட்டு, தேதியைக் கையால் திருத்தியதும் ஆன்டிவைரஸ் திறந்தது. ஃபார்மட் அடித்திருந்தால் சங்கக் கணக்கு போயிருக்கும். மறுநாள் காலையில் தேதி மறுபடியும் 2012-க்கே போயிருக்கும்.

ஆகவே முதலில் தேதியைப் பாருங்கள். அடுத்து, வீட்டில் வேறு யாராவது இரண்டாவதாக ஓர் ஆன்டிவைரஸை ஏற்றியிருக்கிறார்களா என்று கேளுங்கள். புதியது வந்ததும் விண்டோஸோடு வருகிற டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும், அது கோளாறு இல்லை. ஆனால் பழைய ஆன்டிவைரஸை நீக்கிய பிறகும் அதன் டிரைவர்கள் உள்ளே தங்கிப் புதியதை முட்டுவதுண்டு. அந்தந்த நிறுவனமே இதற்கென்று தனி நீக்கும் கருவியை இலவசமாகத் தருகிறது. அதை ஓட்டி, கம்ப்யூட்டரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

எனக்கு உண்மையில் கோபம் வருகிற இடம் அடுத்தது. அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரில் காசு கொடுக்காத விண்டோஸைப் போட்டு, அதை ‘ஆக்டிவேட்’ செய்ய ஒரு சின்ன புரோகிராமை ஓட்டிவிடுகிறார்கள். அதை ஓட்டுவதற்கு முன் டிஃபெண்டரை அணைக்கச் சொல்லும். சில சமயம் சி டிரைவ் முழுவதையுமே சோதனையிலிருந்து விலக்கிவிடும். பிறகு யாரும் அதைத் திரும்பப் போடுவதில்லை. வீட்டுக்காரர் விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்தால், ‘இந்த அமைப்பை உங்கள் நிர்வாகி நிர்வகிக்கிறார்’ என்ற பொருளில் ஒரு வரி வருகிறது. வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏது நிர்வாகி? அந்த வரியைப் பார்த்தால் உங்களுக்குத் தெரியாமல் ஏதோ ஒரு புரோகிராம் அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட கம்ப்யூட்டரில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள்.

இனி அசல் வைரஸ். உள்ளே வந்ததும் ஆன்டிவைரஸை முடக்குவதையே முதல் வேலையாக வைத்திருக்கும் வைரஸ்கள் நெடுநாளாக இருக்கின்றன. 2003 முதல் சுற்றிக்கொண்டிருக்கும் சாலிட்டி, டாஸ்க் மேனேஜரையும் ரெஜிஸ்ட்ரி எடிட்டரையும் பூட்டிவிடும், சேஃப் மோடுக்குள் போகும் வழியையும் அழித்துவிடும். 2008 நவம்பரில் வெளிப்பட்ட கான்ஃபிக்கர், ஆன்டிவைரஸ் நிறுவனங்களின் தளங்களுக்கே போகவிடாமல் தடுத்தது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் முந்தின மாதமே வெளியிட்டிருந்தது. அப்டேட் போடாத கம்ப்யூட்டர்களில் அது புகுந்தது, பென் டிரைவ் வழியாகவும் பரவியது. அதை எழுதியவர்களைப் பிடிக்கத் துப்புக் கொடுப்பவருக்கு 2,50,000 டாலர் பரிசு என்று 2009 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது.

வைரஸ்கள் கையாளும் ஒரு தந்திரத்தை மட்டும் அருகில் போய்ப் பார்ப்போம். விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் ‘இமேஜ் ஃபைல் எக்ஸிக்யூஷன் ஆப்ஷன்ஸ்’ என்று ஒரு பகுதி உண்டு. புரோகிராம் எழுதுகிறவர்கள் பிழை பார்ப்பதற்காக வைத்தது. ஒரு புரோகிராமின் பெயரை அங்கே எழுதி, ‘டீபக்கர்’ என்ற இடத்தில் இன்னொரு புரோகிராமைக் குறித்துவிட்டால், முதல் பெயரைத் தட்டும்போதெல்லாம் விண்டோஸ் இரண்டாவதைத்தான் ஓட்டும். வைரஸ் அங்கே ஆன்டிவைரஸின் பெயரை எழுதி, டீபக்கர் இடத்தில் இல்லாத ஒரு ஃபைலைக் குறித்துவிடுகிறது. நீங்கள் எத்தனை முறை தட்டினாலும் ஆன்டிவைரஸ் வராது. ஆன்டிவைரஸ் பழுதாகாமல் அப்படியே இருக்கும், கூப்பிடுவது மட்டும் அதற்குப் போய்ச் சேராது. இந்தப் பூட்டு பெயரை மட்டுமே பார்க்கிறது என்பதால், தனியாக ஓடும் ஸ்கேனர் ஒன்றை இறக்கி அதன் பெயரை மாற்றி ஓட்டினாலே பல சமயம் வேலை நடந்துவிடும்.

அந்த ஸ்கேனரை நோய் பிடிக்காத இன்னொரு கம்ப்யூட்டரில் இறக்குங்கள். மைக்ரோசாஃப்ட்டின் சேஃப்டி ஸ்கேனர் இலவசம். இறக்கிய பத்து நாளில் காலாவதியாகிவிடும், பிறகு புதிதாக இறக்க வேண்டும். மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2017 பிப்ரவரியில் தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திரா தளத்திலும் இலவசக் கருவிகள் கிடைக்கும். அவற்றைத் தந்த இந்திய நிறுவனங்களில் 1991-ல் தொடங்கிய நம் சென்னை கே7-ம் ஒன்று. ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்தால் வரும் நீலத்திரை வழியாக சேஃப் மோடுக்குள் போய் ஓட்டுவது நல்லது. விண்டோஸ் செக்யூரிட்டி திறக்கிற நிலையில் இருந்தால், அதில் ஆஃப்லைன் ஸ்கேன் என்று ஒன்று இருக்கிறது. விண்டோஸ் எழுந்திருக்கும் முன்பே சோதிப்பதால் வைரஸால் குறுக்கே நிற்க முடியாது.

கருவி தேடும்போது ஒரு எச்சரிக்கை. ஆன்டிவைரஸ் நிறுவனத்தின் உதவி எண் என்று தேடினால் மோசடிக்காரர்களின் எண்ணும் சேர்ந்து வரும். எடுத்துப் பேசுகிறவர், உங்கள் கம்ப்யூட்டரைத் தொலைவிலிருந்தே இயக்கவிடும் எனிடெஸ்க்கைப் போட்டுக்கொள்ளச் சொல்வார், பிறகு வங்கிப் பக்கத்தைத் திறக்கச் சொல்வார். திறந்துவிட்டீர்கள், பணம் போய்விட்டது என்றால் யாரிடமும் யோசனை கேட்டுக்கொண்டிருக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

எதற்கும் அசையவில்லை, ஃபார்மட்தான் வழி என்றால் முதலில் நகல் எடுங்கள். 2011-ல் தொடங்கிய அரசு மடிக்கணினித் திட்டத்தில் வந்த பல மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற இன்னொரு ஓ.எஸ்.ஸும் உண்டு. சென்னை சி-டாக் உருவாக்கியது. வீட்டில் அப்படி ஒன்று மூலையில் கிடந்தால், நோய்பட்ட ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி யு.எஸ்.பி. உறையில் போட்டு, மடிக்கணினியை பாஸ் லினக்ஸில் திறந்து அதில் மாட்டுங்கள். விண்டோஸுக்கென்று எழுதிய வைரஸ் அங்கே ஓடாது. படம், கடிதம், கணக்கு ஆகியவற்றை மட்டும் எடுங்கள். .இஎக்ஸ்இ என்று முடியும் எதையும் எடுக்காதீர்கள், சாலிட்டி ஒட்டிக்கொண்டு வருவது அவற்றில்தான்.

கடையில் “டி டிரைவைத் தொடமாட்டோம் சார், சி மட்டும்தான்” என்பார்கள். டெஸ்க்டாப்பிலும் டாக்குமென்ட்ஸிலும் நீங்கள் சேர்த்து வைத்திருப்பதெல்லாம் சி டிரைவில்தான் இருக்கிறது.

(அடுத்த வாரம்: நகல் எடுக்க ஹார்ட் டிஸ்க்கா, பென் டிரைவா?)