சாவி வந்தால் வீடு வந்ததாகுமா?

மும்பையில் பிளாட் வாங்குவோர் கவனத்துக்கு

ஊரில் வீடு வாங்கப் போகிறவர் முதலில் பட்டாவைப் பார்ப்பார். தாய்ப் பத்திரத்தைப் புரட்டுவார். வில்லங்கச் சான்று எடுப்பார். நெல்லையானாலும் சேலமானாலும் நம்மவர்களுக்குப் பழக்கமான வழி இது. அதே மனிதர் டோம்பிவிலியிலோ அம்பர்நாத்திலோ ஒரு பிளாட் வாங்கப் போனால் திகைத்து நிற்கிறார். "பட்டா எங்கே?" என்று கேட்டால் ஏஜெண்ட் சிரிக்கிறார். "அதெல்லாம் ஊரோடு சரி. பணத்தைக் கொடுங்கள், சாவியை வாங்கிக்கொள்ளுங்கள்" என்கிறார்.

பிளாட்டுக்குத் தனிப் பட்டா கிடையாது என்பது உண்மைதான். ஆனால் பத்திரமே வேண்டாம் என்பது பொய். இருபது வருடம் ஷிப்டு பார்த்து, ஊருக்கு அனுப்பியது போக மிஞ்சியதைச் சீட்டுக் கட்டி, பி.எப். பணத்தை எடுத்து, வீட்டுக்காரியின் நகையை அடகு வைத்துச் சேர்த்த தொகை அது. ஒரு காகிதக் கோளாறில் அது போய்விட்டால் மறுபடி சேர்க்க ஆயுள் போதாது.

பவர் பத்திரம் கிரயம் ஆகாது

தாராவி, ஆண்டாப்ஹில், உல்லாஸ்நகர் போன்ற இடங்களில் ஒரு வழக்கம் உண்டு. முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு, ஐந்நூறு ரூபாய் முத்திரைத்தாளில் ஓர் ஒப்பந்தமும் ஒரு பவர் பத்திரமும் எழுதி, நோட்டரியிடம் முத்திரை வாங்கிக்கொள்வது. வீடு வாங்கியாயிற்று என்று அன்றே பால் காய்ச்சிக் குடியும் போய்விடுவார்கள்.

சட்டம் இதை ஏற்பதில்லை. 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள வீடு, மனை விற்பனை பதிவு செய்யப்பட வேண்டும் என்பது 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டமும் 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டமும் வகுத்த விதி. பவர் பத்திரம் மூலம் நடக்கும் விற்பனையால் உரிமை மாறாது என்று சுப்ரீம் கோர்ட் 2011 அக்டோபரில் தெளிவாகவே தீர்ப்புச் சொல்லிவிட்டது. நோட்டரியின் முத்திரை, கையெழுத்துப் போட்டவர் இன்னார் என்பதற்குத்தான் சாட்சி. வீடு யாருடையது என்பதற்குச் சாட்சி அல்ல.

பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் அந்தப் பவர் பொதுவாகச் செல்லாமல் போகும். பிறகு அவருடைய பிள்ளைகள் வந்து கதவைத் தட்டுவார்கள்.

ஆகவே ஒருவர் "பவர் தருகிறேன்" என்றால், "ஏன் நேராகப் பதிவு செய்ய முடியவில்லை?" என்று கேட்க வேண்டும். பல இடங்களில் பதில் ஒன்றுதான். மாடா வீடுகளையும், குடிசை மாற்றுத் திட்டத்தில் எஸ்.ஆர்.ஏ. கொடுத்த வீடுகளையும் குறிப்பிட்ட காலம் வரை விற்கக் கூடாது. காலம் முடிந்த பிறகும் எஸ்.ஆர்.ஏ. வீட்டை மாற்ற அலுவலக அனுமதி வேண்டும். அந்தத் தடையைச் சுற்றிவரத்தான் பவர். மாட்டிக்கொண்டால் வீட்டை இழப்பவர் வாங்கியவர்.

பழைய பிளாட் என்றால்

முதல் உரிமையாளர் பில்டரிடம் வாங்கியது முதல் இன்று வரையுள்ள ஒவ்வொரு ஒப்பந்தமும் அசலாக இருக்க வேண்டும். இடையில் ஒன்று தொலைந்திருந்தால் போலீசில் புகார் கொடுத்த நகலைக் கேட்க வேண்டும். சப்-ரிஜிஸ்திரார் அலுவலகத்தில் "இண்டெக்ஸ் டூ" என்ற பதிவுச் சுருக்கம் கிடைக்கும். யார் யாருக்கு, எந்தத் தேதியில், எவ்வளவுக்கு விற்றார் என்பது அதில் இருக்கும். வக்கீல் மூலம் முப்பது வருடப் பதிவுகளைத் தேடிப் பார்ப்பது வழக்கம். "ஆட்சேபம் உள்ளவர்கள் தெரிவிக்கவும்" என்று பத்திரிகைகளில் அறிவிப்புக் கொடுப்பதும் நல்லது. செலவு சில ஆயிரம். காப்பாற்றுவது பல லட்சம்.

அடுத்தது சொசைட்டியின் ஷேர் சர்டிபிகேட். அதன் பின்பக்கத்தில்தான் பெயர் மாற்றங்கள் எழுதப்படும். கடைசியாக எழுதியுள்ள பெயர் விற்பவரின் பெயர்தானா என்று பார்க்க வேண்டும். மெயின்டனன்ஸ் பாக்கி இல்லை என்று சொசைட்டியிடம் எழுத்தில் வாங்க வேண்டும். பாங்கிக் கடன் இருந்தால் அசல் பத்திரம் பாங்கியில் இருக்கும். அங்கே போய் விசாரிக்காமல் அட்வான்ஸ் கொடுப்பது தப்பு.

பெயர் மாற்றத்துக்குச் சில சொசைட்டிகள் லட்சக் கணக்கில் நன்கொடை கேட்பதுண்டு. மாநகராட்சிப் பகுதிகளில் மாற்று பிரீமியம் 25,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்பது மகாராஷ்டிர அரசின் 2001ஆம் ஆண்டு உத்தரவு.

புதுக் கட்டடம் என்றால்

2016ஆம் ஆண்டின் ரெரா சட்டப்படி, ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் பில்டர் வாங்கக் கூடாது. விலை கார்ப்பெட் ஏரியாவுக்குத்தான். "பில்ட்-அப்", "சூப்பர் பில்ட்-அப்" என்று கணக்குக் காட்டினால் ஏமாறக் கூடாது. சொன்ன தேதியில் வீடு தராவிட்டால் வட்டி கேட்கலாம். ஒப்படைத்த ஐந்து வருடத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் பில்டர் தம் செலவில் சரிசெய்ய வேண்டும்.

"ரெரா நம்பர் இருக்கிறது" என்பதோடு நிம்மதி அடைந்துவிடவும் கூடாது. கல்யாண்-டோம்பிவிலி மாநகராட்சி கொடுத்ததாகப் போலி அனுமதிக் காகிதங்களைக் காட்டி ரெரா பதிவு வாங்கிய 65 கட்டடங்களின் கதை ஊரறிந்தது. அவற்றில் நின்றிருந்தவற்றை இடிக்க 2024 நவம்பரில் மும்பை ஐகோர்ட் உத்தரவிட்டது. அங்கே வீடு வாங்கியவர்கள் நம்மைப் போல மாதச் சம்பளக்காரர்களே. ஆகவே கட்டட அனுமதிக் காகிதத்தின் நகலை எடுத்துக்கொண்டு மாநகராட்சி அலுவலகத்துக்கு நேரில் போய், "இது நீங்கள் கொடுத்ததுதானா?" என்று கேட்டுவிட வேண்டும். குடியேறுவதற்கு முன் ஓ.சி. எனப்படும் குடியிருப்புச் சான்று வந்துவிட்டதா என்றும் பார்க்க வேண்டும்.

தீர்வை எவ்வளவு?

2022 ஏப்ரல் முதல் மும்பை நகரில் மெட்ரோ வரியும் சேர்த்து முத்திரைத் தீர்வை 6 சதவீதம். பெண்கள் பெயரில் மட்டும் வாங்கினால் 1 சதவீதம் குறைவு. பதிவுக் கட்டணம் 1 சதவீதம். 30,000 ரூபாய்க்கு மேல் போகாது. 40 லட்ச ரூபாய் பிளாட்டைக் கணவர் பெயரில் வாங்கினால் தீர்வை 2,40,000. மனைவி பெயரில் வாங்கினால் 2,00,000. கூட்டாக ஆண் பெயரும் சேர்ந்தால் சலுகை இல்லை.

தீர்வையை மிச்சம் பிடிக்க விலையைக் குறைத்து எழுதுவோர் உண்டு. அதில் லாபம் குறைவு. அரசின் ரெடி ரெக்னர் மதிப்பு, எழுதிய விலை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் தீர்வை. வீட்டு விலையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விதிக்க வருமான வரிச் சட்டத்தில் இடம் உண்டு. நாளை பேரம் முறிந்தால், ரொக்கமாகக் கைமாறிய பணத்துக்குக் கொடுத்தவர் கையில் சாட்சியும் இராது. செக் அல்லது பாங்கி மூலம் கொடுப்பதே பாதுகாப்பு.

கையெழுத்தான நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் பத்திரத்தைப் பதிவுக்குக் கொடுக்க வேண்டும். தவறினால் அபராதத்துடன் மேலும் நான்கு மாதம் வரை வழி உண்டு. அதற்கும் பிறகு சிக்கல்தான்.

ரயில்வேயிலும் மற்ற மத்திய அரசு அலுவலகங்களிலும் வேலை செய்வோர் வீடு வாங்கவோ விற்கவோ முன்கூட்டியே இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது நடத்தை விதி. இதை மறந்து மெமோ வாங்கக் கூடாது.

விற்பவருக்கு

ரிட்டயராகி, பிளாட்டை விற்றுவிட்டு ஊருக்குப் போகிறவர்கள் பலர். முழுத் தொகையும் பாங்கிக் கணக்கில் ஏறாமல் சாவியைக் கொடுக்கக் கூடாது. இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்த வீட்டை விற்று வரும் லாபத்தில், விற்ற இரண்டு வருடத்துக்குள் வேறு வீடு வாங்கினாலோ மூன்று வருடத்துக்குள் கட்டினாலோ வரிவிலக்குக் கேட்கலாம். அந்த வீடு இந்தியாவில் எங்கே இருந்தாலும் சரி. சொந்தக் கிராமத்திலும் இருக்கலாம்.

புரியாத மொழியில் கையெழுத்து வேண்டாம்

பத்திரம் மராத்தியிலோ இங்கிலீஷிலோ இருக்கும். "எல்லாம் வழக்கமான வாசகம்தான்" என்று அவசரப்படுத்துவார்கள். ஒருநாள் தள்ளிப் போனால் வீடு ஓடிப் போய்விடாது. வரைவு நகலை வாங்கி வந்து, மொழி தெரிந்தவரை வைத்து வரிக்கு வரி தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்துப் போட வேண்டும். பிளாட் நம்பர், மாடி, சதுர அடி, கார் நிறுத்தும் இடம், பணம் கொடுக்கும் தவணை, ஒப்படைக்கும் தேதி ஆகிய ஆறும் சரியாக உள்ளனவா என்று பார்க்க வேண்டும்.

வக்கீல் பீஸுக்கு வழியில்லை என்று தயங்க வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப்படி பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு. மாவட்ட கோர்ட்டிலுள்ள சட்டப் பணிகள் ஆணைக் குழு அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம். அட்வான்ஸ் கொடுத்த பிறகு அங்கே ஓடுவதைவிட, கொடுப்பதற்கு முன் ஒரு நாள் லீவு போட்டுவிட்டுப் போய் வருவது மேல்.