மூன்றும் மூன்றும் ஆறு

ஜெய்ப்பூரில் என் அண்டை வீட்டு நண்பர், தந்தையார் விட்டுச் சென்ற 1951 செவர்லே காருக்குப் புதிதாக எக்ஸாஸ்ட் குழாய்கள் பொருத்த விரும்பினார். ரயில்வேயில் டீசல் எஞ்சின்களோடு காலந்தள்ளிய என்னிடம் யோசனை கேட்டார்.

"ஆறையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள் சார், மூன்று மூன்றாகப் பிரித்துவிடுங்கள்" என்றேன். ஆறு சிலிண்டரும் தீப்பற்றும் வரிசை 1-5-3-6-2-4. முன் மூன்றும் பின் மூன்றும் மாறி மாறி வருவதால், ஒவ்வொரு குழாயிலும் 240 பாகைக்கு ஒருமுறை புகை வரும், ஒன்றையொன்று முட்டாது.

கணக்கு சரிதான். ஆனால் பழைய வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு, கார்புரேட்டருக்குக் கீழே சூடேற்றும் வேலையையும் செய்துவந்ததை மறந்துவிட்டேன்! புதுக் குழாயில் அதற்கு வழியில்லை. ஜனவரி காலையில் பெட்ரோல் சரியாக ஆவியாகாமல், வண்டி இருமி இருமி நின்றது. ரேடியேட்டர் வெந்நீரைச் சுற்றவிடும் தகடு ஒன்று செய்து அடியில் வைக்கலாம், நண்பருக்குப் பொறுமையில்லை.

நல்லவேளை, பழையதைக் கபாடிக்காரரிடம் போடவில்லை. அதையே திரும்பப் பூட்டினோம். "அப்பா ஓட்டிய சத்தம் இதுதான்" என்றார்.